பிறகு

நான் பொய் சொல்லவில்லை.
இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்,
மற்றதெல்லாம் அப்புறம்.

நம்புலா கடலோரத்தில் புயல் ஓய்ந்த வாரம்.
விடியாத நேரம், முந்திரி மரத்துக்குப் பின்னால்
ஒதுங்கப் போயிருந்தேன்.
கிணற்றடியில் ஒருவன் குனிந்திருந்தான்.
நீல வாளி. கையில் கரண்டி.
வெள்ளையாய் ஏதோ தூள் தண்ணீரில் விழுந்தது
சத்தமே இல்லாமல்.

அன்றிரவு முவானஷாவின் இளையவனுக்குப் பேதி கண்டது.
அரிசி களைந்த நீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.
பொழுது புலருமுன் கண் உள்வாங்கி
விரல்நுனித் தோல் சுருங்கி
கிழவனைப் போல் செத்தான், ஆறு வயதில்.
அதையும் கண்டேன்.

மீன் சந்தையில் கருவாடு பரப்பியபடி
இரண்டையும் சொன்னேன்:
அவன் தூள் போட்டான்.
பிறகு பையன் செத்தான்.
அவ்வளவுதான், என் தராசின் மேல் ஆணை.

என் கடையிலிருந்து பக்கத்துக் கடைக்குப் போவதற்குள்
'பிறகு' என்ற சொல் 'அதனால்' ஆகிவிட்டது.
உப்புக்காரி வாங்கும்போது 'அதற்காகவே' என்று இருந்தது.
படகுத்துறையில் அது காசு வாங்கியிருந்தது,
தலைநகரத்தில், தலைக்கு இவ்வளவு என்று.
பகல் சாய, எனக்கே திரும்பி வந்தது
புதுக் கப்புலானா சுற்றிக்கொண்டு, ஆளே மாறி.
நான் பெற்றது என்று தெரியவில்லை.
நானும் நம்பினேன்.

பெயரும் ஒத்தாசை செய்தது.
போர்த்துகீசியப் பேச்சில்
தண்ணீரைச் சுத்தமாக்கும் பொடி குளோரு,
ஆளைச் சுத்தமாய்த் துடைக்கும் நோய் கோலெரா.
எங்கள் மக்குவா நாக்குக்கு
இரண்டும் ஒரே கல்லில்தான் தடுக்கும்.
'குளோரு போட வருகிறார்கள்' என்றது ஒலிபெருக்கி.
எங்களுக்குக் கேட்டது வேறு.

அவன் பெயர் ஸெலிமானே.
அடுத்த குடியிருப்பில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்.
நோய்க்காலத்துக்கு மட்டும் கழுத்தில் ஒரு அட்டை.
இரண்டு மீனுக்கு எனக்குக் கடன் வேறு.
கூரை ஓலையைப் பிடுங்கினார்கள்.
வாளியை வாயருகே கொண்டுபோய்
'குடி, நல்லதென்றால் நீ குடி' என்றார்கள்.
நான் ஒரு கல்லும் எறியவில்லை.
எறிந்தவர்களுக்கு வழி விட்டு நின்றேன்.
ராத்திரியோடு ராத்திரியாய் ஒற்றைச் செருப்போடு போனான்.

பிறகு கிணற்றில் யாரும் எதுவும் போடவில்லை.
பிறகு பதினொரு பேர்.
இந்தப் பிறகை எப்படிச் சொல்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

அதே சந்தையில், அதே இடத்தில் சொன்னேன்:
பையன் குடித்தது
தூள் விழுவதற்கு முந்தின நாள் தண்ணீர்.
முவானஷாவே சொல்லி அழுதாள், கேட்டுப் பாருங்கள்.
தலையாட்டினார்கள்.
ஒருத்தி கருவாட்டைப் புரட்டிப் பார்த்து
விலை குறையாதா என்றாள்.
அந்தச் சேதி என் கடையை விட்டு நகரவேயில்லை,
ஈ மொய்த்து அங்கேயே கிடந்தது.

கிணற்றுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை
என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.
நானே கேட்டு வாங்கினேன்:
நீல வாளி, கரண்டி, அட்டை.
பகலில் போடு, நாலு பேர் பார்க்கப் போடு என்று
படித்துப் படித்துச் சொன்னாள்.
பகலில் எனக்குப் பயம்.

இன்றைக்கும் விடியாத நேரம்தான்.
முகத்தில் முசீரு அப்பியிருக்கிறேன்,
எங்கள் பெண்கள் அழகுக்குப் பூசும் வெள்ளை மரக்குழம்பு,
யாரென்று தெரியாமல் இருக்கட்டுமே என்று.
தூள் விழுகிறது.
அது விழும்போது ஒரு சத்தம் வந்தால்
எவ்வளவு நன்றாக இருக்கும்.

முந்திரி மரத்துக்குப் பின்னால் சருகு மிதிபடுகிறது.
யாரோ ஒருத்தி.
அவள் பொய் சொல்ல மாட்டாள்.

கரண்டியை மறைப்பதா, தூக்கிக் காட்டுவதா என்று
கை பாதியில் நிற்கிறது.